பாட்டி நோட்டும் கடைப் பேரேடும்: வாசகர் கேள்வி பதில்

குடும்பச் சமையல் குறிப்புகளையும் பலகாரக் கடை வரலாற்றையும் எழுதி வைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: ஆச்சியின் நோட்டில் அதிரசத்துக்கு ‘பச்சரிசி 2 படி, வெல்லம் ஒன்றரை வீசை, ஏலம் அரைப் பலம்’ என்று இருக்கிறது. இதைக் கிலோ கணக்கில் எழுதுவது எப்படி? (வாசகி, தேவகோட்டை)

ப: எடையில் குழப்பம் இல்லை. ஒரு பலம் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை, அதாவது 1 கிலோ 400 கிராம். உங்கள் ஒன்றரை வீசை வெல்லம் 2 கிலோ 100 கிராம், அரைப் பலம் ஏலம் 17 கிராம் சொச்சம். நோட்டில் வேறெங்காவது ‘சேர்’ என்று வந்தால் சென்னை மாகாணக் கணக்கில் 8 பலம், 280 கிராம். ‘ரூபாய் எடை’ என்றால் ஒரு தோலா, 11.66 கிராம்.

தகராறு படியில்தான். 8 ஆழாக்கு ஒரு படி, 2 ஆழாக்கு ஓர் உழக்கு என்ற வாய்ப்பாடு எல்லா ஊருக்கும் பொது. ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படி சுமார் 1.7 லிட்டர் பிடிக்கும். தென்மாவட்டங்களில் ‘சின்னப் படி’ என்று அதைவிடச் சிறியது புழக்கத்தில் இருந்தது. அதனால் இணையத்தில் தேடிக் கிடைக்கும் பட்டியலை நம்பி எழுதிவிடாதீர்கள். வீட்டுப் பரணில் அந்தப் படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை எடை போடுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. பிறகு அதே ரகப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுங்கள். ஆச்சி குவித்து அளப்பாரா, தலைதட்டி அளப்பாரா என்று வீட்டில் விசாரியுங்கள். இந்த ஒன்றிலேயே கணிசமான வித்தியாசம் வரும்.

படி கிடைக்காவிட்டால் விகிதத்தை வைத்துச் சரிபார்க்கலாம். அதிரசத்துக்கு ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பழகிய அளவு. பட்டணம் படி என்று வைத்தால் 2 படி அரிசி 2.8 முதல் 3 கிலோ வரும். வெல்லம் 2.1 கிலோ. விகிதம் பொருந்துகிறது. ஒரு கிலோ பிடிக்கும் சின்னப் படி என்றால் அரிசியைவிட வெல்லம் கூடிவிடும், அந்த மாவு எண்ணெயில் நிற்காது. ஆகவே உங்கள் ஆச்சி பெரிய படியில்தான் அளந்திருக்க வேண்டும். நோட்டில் இருக்கும் மற்றப் பலகாரங்களையும் இப்படியே ஒன்றோடொன்று ஒத்துப்பாருங்கள். ஆச்சியின் வரிகளை அடித்துத் திருத்த வேண்டாம். மூலத்தை அப்படியே எழுதி, அடியில் ‘எங்கள் கணக்கு’ என்று கிராம் அளவைப் போடுங்கள்.

கே: அளவெல்லாம் சரியாகவே போட்டேன். ஆனாலும் முதல் தடவை அதிரசம் எண்ணெயில் கரைந்தது, அடுத்த தடவை கல்லாக இருந்தது. குறிப்பிலேயே பிழை இருக்குமோ? (வாசகி, திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

ப: குறிப்பில் பிழை இல்லை, எழுதாமல் விட்டது இருக்கிறது. அந்தக் காலத்து நோட்டில் சாமான் அளவு மட்டும் இருக்கும், பதம் இருக்காது. பதம் எழுதுபவருக்கே தெரியும் என்பதால் எழுதவில்லை.

அரிசி ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஊற வேண்டும். வடித்து, துணியில் நிழலில் 20 முதல் 30 நிமிடம் உலர்த்துங்கள். வெயில் கூடாது. கையில் அள்ளிப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. இந்த நிலையில் இடித்தோ அரைத்தோ சலித்து, ஈரம் போகாமல் மூடி வையுங்கள். மில்லில் கொடுத்தால் மாவு சூடேறி ஈரம் போய்விடும். கல்லாகப் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஒரு கிலோ அரிசிக்கு 750 கிராம் வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்க விடுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, விரலில் உருட்டினால் மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். வெப்பமானி வைத்தால் 112 முதல் 115 டிகிரி செல்சியஸ். வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சமவெளியில் 100 காட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மலிவான கருவிகள் நான்கைந்து டிகிரி பொய் சொல்லும், பாகுக்கு அது பெரிய பொய். பதம் வந்ததும் இறக்கி மாவைத் தூவிக் கிளறி, மேலே நெய் தடவி ஒன்றிரண்டு நாள் ஊற விடுங்கள். மிதமான தீயில் சுட்டு, எடுத்ததும் எண்ணெயை அழுத்திப் பிழிந்துவிட வேண்டும்.

எண்ணெயில் கரைந்தால் பாகு இளம்பதத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். ஈரமாவு கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து இன்னொரு நாள் வைத்துச் சுடுங்கள். கடினமாக வந்தால் பாகு முற்றிவிட்டது அல்லது மாவு காய்ந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரோ பாலோ தெளித்துப் பிசைந்தால் ஓரளவு தேறும். ஓரம் வெடித்தால் மாவு கொரகொரப்பாக இருக்கிறது, நைசாகச் சலிக்கவில்லை. மேலே சிவந்து உள்ளே வேகாமல் இருந்தால் தீ அதிகம்.

இன்னொன்று, வெல்லமே மாறிவிட்டது. மஞ்சள் பளபளப்புக்காக ‘ஹைட்ராஸ்’ என்ற வெளுப்பு ரசாயனம் போட்டு வெளுத்த வெல்லம் கடையில் நிறைய. கையில் தொட்டால் பிசுபிசுக்கும் புது வெல்லத்துக்குத் தண்ணீரைக் குறைத்து ஊற்ற வேண்டும். எந்த வெல்லம், எந்தக் கடை, எந்த மாதம் என்பதையும் குறிப்பில் சேருங்கள். ‘வெல்லம் 750 கிராம்’ மட்டும் உங்கள் பேத்திக்குப் போதாது.

கே: அம்மாவுக்கு எல்லாம் கண்ணளவு, கையளவு. ‘எவ்வளவு உப்பு?’ என்றால் ‘போடற அளவு போடு’ என்கிறார். எப்படி எழுதி எடுப்பது? (வாசகர், திண்டுக்கல்)

ப: அம்மாவிடம் அளவு கேட்காதீர்கள், டப்பாவிடம் கேளுங்கள். சமையலுக்கு முன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்ப் பாத்திரம் எல்லாவற்றையும் மூடி இல்லாமல் எடை போட்டு எழுதிவிடுங்கள். அம்மா வழக்கம்போல் சமைக்கட்டும். முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். உப்பு ஜாடி 512 கிராமாக இருந்து 494 ஆனால் விழுந்தது 18 கிராம். ஒரு கிராம்வரை காட்டும் தராசு போதும். பெருங்காயம், கிராம்பு போன்றவற்றுக்கு மட்டும் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.

ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள். மூன்று வெவ்வேறு நாளில் எடுத்தால் உப்பு 16, 18, 21 என்று வரலாம். சராசரியைவிட அந்த வீச்சையே எழுதுவது நல்லது, கைப்பக்குவம் என்பது அதற்குள்தான் இருக்கிறது. பாத்திரத்தின் வாய் அகலத்தையும் எழுதுங்கள். அகலச் சட்டியில் குழம்பு சீக்கிரம் வற்றும், அதே உப்பு அங்கே கரிக்கும்.

கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். ‘எப்படிச் செய்வீங்க?’ என்றால் இரண்டு வரிதான் வரும். ‘இது எப்போ கெட்டுப்போகும்?’, ‘நாத்தனார் செஞ்சா ஏன் இப்படி வராது?’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் அரை மணி நேரம் ஓடும்.

கே: கோவில்பட்டியில் தாத்தா கடலை மிட்டாய்க் கடை நடத்தினார். லேபிள்கள், பில் புத்தகம், தகர டின் எல்லாம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எதிலும் வருஷம் இல்லை. காலவரிசைப்படுத்த முடியுமா? (வாசகர், மதுரை)

ப: நன்றாகவே முடியும். ஒவ்வொரு லேபிளும் ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ அல்லது ‘இதற்குப் பின்னால் இருக்க முடியாது’ என்று ஏதாவது ஒன்றைச் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் ஐந்து பத்து வருஷத்துக்குள் அடங்கிவிடும்.

விலையில் ஆரம்பியுங்கள். ரூபாய், அணா, பை (12 பை ஓர் அணா) என்று மூன்று கட்டமாக இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய கணக்கு முறை. பழக்கத்தில் அதன் பிறகும் சில வருஷம் ஓடியது என்பதையும் மனதில் வையுங்கள். ‘ந.பை.’ என்று நயா பைசா இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964 ஜூனில் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. எடை பலத்திலோ வீசையிலோ இருந்தால் பெரும்பாலும் 1960-களின் தொடக்கமோ அதற்கு முன்போ. மெட்ரிக் எடைச் சட்டம் 1956-ல் வந்து, 1960-களின் தொடக்கத்தில் கடைத்தெருவில் கட்டாயமானது.

அடுத்து முகவரி. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்றால் 1969 ஜனவரிக்கு முன். உங்கள் ஊருக்கு இன்னொரு வசதி உண்டு. திருநெல்வேலி மாவட்டம் 1986-ல் பிரிந்தபோது கோவில்பட்டி புது மாவட்டத்துக்குள் போனது, அப்போது அதன் பெயர் சிதம்பரனார் மாவட்டம். 1997-ல் தலைவர்கள் பெயரை நீக்கியதும் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. ஆகவே ‘திருநெல்வேலி ஜில்லா’ என்ற லேபிள் 1986-க்கு முன், ‘சிதம்பரனார் மாவட்டம்’ என்ற லேபிள் அந்தப் பதினோரு வருஷத்துக்குள்.

பிறகு பூதக்கண்ணாடி எடுத்து எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணை ஆகியவற்றில் யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய வடிவமா, இப்போதைய வடிவமா? ணா, றா, னா மூன்றும் கால் போடாமல் ஒரே எழுத்தாகச் சுழித்திருக்கின்றனவா? தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை அறிவித்தது 1978-ல். புது வடிவம் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பின். பழைய வடிவம் இருப்பதால் மட்டும் 1978-க்கு முன் என்று அடித்துச் சொல்ல முடியாது, கையில் இருந்த அச்சு தேயும்வரை பழைய எழுத்திலேயே ஓட்டிய அச்சகங்கள் உண்டு.

சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருந்தால் 2001 அல்லது அதற்குப் பின். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தால் 2011-க்குப் பின். ஊறுகாய், ஜாம் லேபிள்களில் ‘எஃப்.பி.ஓ.’ (பழப் பொருள் ஆணை) எண் வந்தால் 1955-க்கும் 2011-க்கும் இடையில். லேபிளின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், பலர் அதை வெட்டிவிட்டுப் படம் எடுக்கிறார்கள். அது சிவகாசி அச்சகமாக இருந்து இன்றும் நடந்துகொண்டிருந்தால் அவர்களிடம் மாதிரிப் புத்தகம் இருக்கலாம். கடிதம் போட்டுக் கேளுங்கள்.

கே: பேரேட்டில் ‘விரோதி வருஷம் தை’ என்றும் புரியாத குறிகளுமாக இருக்கிறது. (அதே வாசகர்)

ப: தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும். விரோதி 1949-50, அடுத்தது 2009-10. வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை அடுத்த ஆங்கில ஆண்டில் விழும், எனவே இது 1950 ஜனவரி-பிப்ரவரி. தை, மாசி, பங்குனியில்தான் பலர் ஒரு வருஷம் தவறுகிறார்கள்.

குறிகளில் அடிக்கடி வருபவை: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்களில் க என்று தெரிவது 1, உ 2, ச 4, ரு 5, எ 7, அ 8. ய போல இருப்பது பத்து. ‘உயரு’ என்று ஒரு சொல் வந்தால் உயரத்தைத் தேட வேண்டாம், அது 25.

பேரேட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. உங்கள் தாத்தா செய்முறையை எழுதாமல் போயிருந்தாலும் கொள்முதலை எழுதியிருப்பார். ஒரு முழு வருஷத்து நிலக்கடலை, வெல்லம், ஏலம், சுக்கு வாங்கிய எடையைத் தனித்தனியாகக் கூட்டுங்கள். ஓட்டோடு வாங்கிய கடலை என்றால் பருப்பு சுமார் 70 சதவீதம் என்று கழித்துக்கொள்ளுங்கள். வெல்லத்துக்கும் பருப்புக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட கடையின் சேர்மானமேதான். ஒரு மாதக் கணக்கில் இது சரிவராது, சரக்கு மொத்தமாக வாங்கி இருப்பு வைப்பார்கள். கடை வேறு பண்டமும் விற்றிருந்தால் அதற்குப் போன வெல்லத்தைக் கழிக்க வேண்டும்.

கே: நூறு வருஷத்து நோட்டு. எண்ணெய்க் கறை, பூச்சி அரிப்பு. லேமினேட் செய்துவிடலாமா? (வாசகி, கும்பகோணம்)

ப: கூடவே கூடாது. சூடும் பிளாஸ்டிக்கும் ஏறினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், பத்து வருஷத்தில் பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும்.

பூச்சி உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் வேலை. பக்கங்களைத் தட்டினால் புதுப்பொடி உதிர்ந்தால் இருக்கிறது. நோட்டைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் இரட்டையாகப் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் வெளியே இருந்து சூடு சமமான பிறகு திறந்தால் தாளில் ஈரம் படியாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். எண்ணெய்ப் பக்கங்களுக்கு நடுவே மையொற்றும் தாளை வைத்து மாற்றிக்கொண்டே வந்தால் எண்ணெய் அடுத்த பக்கத்துக்கு ஏறுவது குறையும். கறையை நீக்க முயல வேண்டாம், மையும் சேர்ந்து போகும்.

படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே நிறுத்தி, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். காலிப் பக்கமும் அட்டையும் சேர்த்து எல்லாப் பக்கமும் வரிசையாக. அட்டையின் உட்புறத்தில்தான் பால் கணக்கும் கல்யாணத் தேதியும் இருக்கும். ஸ்கேன் என்றால் 300 டிபிஐ, சிறிய லேபிளுக்கு 600. கோப்புகளை இரண்டு இடத்தில் வீட்டிலும், ஒன்று வெளியூர் உறவினரிடமும் வையுங்கள்.

வீட்டில் வைக்க இடமில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து வளர்ந்த நூலகம் அது.

கே: மூன்று தலைமுறையாக ஒரே பெயரில் முறுக்கு விற்கிறோம். சேர்மானத்துக்குக் காப்புரிமை வாங்க முடியுமா? சித்தப்பா வீட்டாரும் அதே பெயரில் கடை போட்டிருக்கிறார்கள். (வாசகர், மணப்பாறை)

ப: சேர்மானத்துக்கு இல்லை. வழிவழி வந்த செய்முறைக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கிடைக்காது, சாமான் பட்டியலுக்குப் பதிப்புரிமையும் கிடையாது. நீங்கள் எழுதிய புத்தகத்தின் வாசகத்துக்கும் படத்துக்கும் உண்டு. ரகசியம் காக்கக் கடைக்காரர்கள் பழைய வழியையே வைத்திருக்கிறார்கள்: ஓமம், எள், உப்பு எல்லாம் வீட்டில் கலந்து பொட்டலமாக அடுப்படிக்குப் போகும். சரக்கு மாஸ்டருக்குத் தெரிவது ‘மாவுக்கு ஒரு பொட்டலம்’ மட்டும்.

பெயரைக் காக்கலாம். வணிகச் சின்னப் பதிவில் பலகாரம் 30-ஆம் வகுப்பு. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். இங்கேதான் பழைய பில்லும் லேபிளும் காசாகின்றன. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, முன்பிருந்தே தொடர்ந்து பெயரைப் பயன்படுத்தியவரின் உரிமையைக் காக்கிறது. தொடர்ச்சியைக் காட்ட முடிந்தவர் பிழைப்பார், ‘தாத்தா காலத்துக் கடை’ என்ற பேச்சு மட்டும் நிற்காது.

சித்தப்பா விஷயம் இதைவிடச் சிக்கல். பாகப் பத்திரத்தில் கட்டடம், அடுப்பு, பித்தளை அண்டா வரைக்கும் எழுதியிருப்பார்கள், பெயர் யாருக்கு என்பதை விட்டிருப்பார்கள். இரு தரப்புக்கும் தாத்தா பொது என்பதால் அவர்களிடமும் பழைய பில் இருக்கும். வழக்குக்கு முன், எந்த ஊரில் யார், பெயருக்குப் பின் என்ன அடைமொழி என்று எழுதி ஓர் உடன்படிக்கை போடுவது செலவு குறைந்த வழி.

‘மணப்பாறை’ என்ற சொல்லை மட்டும் உங்கள் சொத்தாக்க முடியாது. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019, கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020 போல இதுவும் அந்த வட்டாரத்தில் செய்பவர்களுக்குப் பொது. நீங்கள் செய்ய வேண்டியது கிண்டி புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவது.

கே: யாழ்ப்பாணத்தில் அம்மா இடித்த கறித்தூளின் அளவு எழுத்தில் இல்லை. இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது. ருசி மட்டும் நினைவிருக்கிறது. மீட்க வழி உண்டா? (வாசகி, டொராண்டோ)

ப: உண்டு, ஆனால் சிறிய அளவில் தொடங்க வேண்டும். செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்) 100 கிராம், மல்லி 100, பெருஞ்சீரகம் (சோம்பு) 25, மிளகு 15, நற்சீரகம் (சீரகம்) 10, வெந்தயம் 8, மஞ்சள் 5, ஒரு பிடி கறிவேப்பிலை. இதை அடிப்படையாக மட்டும் வையுங்கள், வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். வெந்தயம் செம்மை தாண்டினால் முழுத்தூளும் கசக்கும். மிளகாயை மெல்லிய தீயில், ஜன்னலைத் திறந்துவைத்து வறுங்கள், உங்கள் ஊர் வீடுகளில் புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும்.

ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்: பெருஞ்சீரகம் 25-க்குப் பதில் 35, அல்லது மல்லியை இன்னும் கொஞ்சம் கறுக்க வறுத்தது. மற்றதெல்லாம் அப்படியே. ஒவ்வொரு தூளிலும் ஒரே கறியை, உதாரணத்துக்கு உருளைக்கிழங்குக் கறியை, ஒரே அளவில் வைத்து, பெயர் சொல்லாமல் பெரியம்மா, சித்தி, மாமி மூவரிடமும் ருசி பார்க்கக் கொடுங்கள். ‘இதுதான்’ என்று இருவர் தனித்தனியே சொன்னால் நெருங்கிவிட்டீர்கள். ‘மணம் சரி, நிறம் இல்லை’ என்றால் வறுப்பைக் கூட்டுங்கள். ‘நிறம் சரி, உறைப்பு இல்லை’ என்றால் மிளகாய் ரகம் வேறு, அளவைக் கூட்டுவதற்கு முன் ரகத்தை மாற்றிப் பாருங்கள். பழைய அயலவர்களையும் விசாரியுங்கள். ஒரே ஒழுங்கையில் (சந்தில்) இருந்தவர்கள் ஒரே ஆலையில் தூள் திரித்திருப்பார்கள், அவர்களில் ஒருவர் கொப்பியோடு (நோட்டோடு) வந்திருக்கக் கூடும். ‘நூலகம்’ என்ற நிறுவனத்தின் மின்னூலகத்தில் ஈழத்துப் பழைய மலர்களும் சஞ்சிகைகளும் ஏராளம். பாடசாலை மலர், சங்க மலர் விளம்பரங்களில் உங்கள் ஊர் ஆலை, சரக்குக் கடைப் பெயர்கள் கிடைக்கின்றனவா என்று தேடுங்கள்.